ஜூலியன் பாண்டுக்கு மறுக்கப்பட்ட நாற்காலி: வாக்குரிமை, போர் அதிகாரம், 'அந்நிய அபாயம்'

1966 ஜனவரி 10. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றம் அட்லாண்டா நகரில் கூடுகிறது. புதிய உறுப்பினர்கள் உறுதிமொழி எடுக்கத் தயாராக நிற்கிறார்கள். ஒருவரை மட்டும் ஒதுங்கியிருக்கச் சொல்கிறார் அவைச் செயலர். அவர் பெயர் ஜூலியன் பாண்ட். கறுப்பர். வயது 25. கள்ள ஓட்டு போட்டு வந்தவர் இல்லை. எந்தக் குற்ற வழக்கும் அவர் மீது இல்லை. தொகுதி மக்கள் தெளிவான பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்து அனுப்பியவர். அன்றே வாக்கெடுப்பு நடத்தி 184-க்கு 12 என்ற கணக்கில் அவரை வெளியே நிறுத்தினார்கள்.

அவர் செய்த குற்றம் இதுதான். அவர் பணியாற்றிய மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு (சுருக்கமாக 'ஸ்னிக்') வியட்நாம் போரை எதிர்த்து ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. அந்த அறிக்கை உனக்குச் சம்மதமா என்று நிருபர்கள் கேட்டபோது, சம்மதம் என்றார்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் இதை எடுத்துப் பேசியபோது கல்லூரித் தோழர் ஒருவர் கேட்டார்: "அக்கா, நம்ம ஊர்ல பஞ்சாயத்துத் தலைவரையே நாற்காலியில உட்கார விடமாட்டேங்கிறான். அதை விட்டுட்டு ஜார்ஜியா எதுக்கு?" நியாயமான கேள்விதான். இன்னொரு மூத்த தோழர் வேறு மாதிரி சொன்னார்: "போர், வெளியுறவு இதெல்லாம் நமக்கு எதுக்குப்பா? பேசினா தேசத்துரோகின்னுவான். சாதிப் பிரச்சனையை மட்டும் பேசுவோம்." இந்த இரண்டாவது பேச்சுக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் இதே விவாதம் 60 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கறுப்பின இயக்கத்துக்குள் அப்படியே நடந்திருக்கிறது. 1946-இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொண்டுபோன மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டவர் பாபாசாகேப். அவர் வழியில் வந்தவர்களுக்கு ஜார்ஜியா தூரமான இடமாக இருக்க முடியாது.

கதையை மிசிசிப்பியிலிருந்து தொடங்க வேண்டும்.

1960-களின் தொடக்கத்தில் மிசிசிப்பியில் கறுப்பர் ஒருவர் வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால், மாநில அரசியல் சட்டத்தின் 285 பிரிவுகளில் பதிவு அலுவலர் காட்டும் ஒரு பிரிவைப் படித்து விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் சரியா தப்பா என்று முடிவு செய்பவரும் அதே அலுவலர்தான். அவர் வெள்ளையர். விண்ணப்பித்தவரின் பெயர் உள்ளூர் நாளிதழில் இரண்டு வாரம் அச்சாகும். எதற்கு? பண்ணையார் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு. வேறு எதற்கும் இல்லை. இவ்வளவையும் தாண்டினால் வாக்கு வரி கட்ட வேண்டும்.

பேனி லூ ஹேமர் என்ற பெண் 1962 ஆகஸ்ட் 31 அன்று இந்தியனோலா ஊருக்குப் போய்ப் பதிய முயன்றார். பங்குக்குப் பயிரிடும் குடும்பத்தில் இருபதாவது பிள்ளை. ஆறு வயதில் பருத்தி எடுக்கப் போனவர். தேர்வில் தோற்றார் என்று அனுப்பிவிட்டார்கள். வீடு திரும்பிய அன்றே பண்ணையார் வந்து விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் வெளியேறு என்றார். 18 ஆண்டு உழைத்த பண்ணையிலிருந்து அன்றிரவே வெளியேறினார் ஹேமர். அடுத்த ஆண்டு ஜூனில் வினோனா ஊர்ச் சிறையில் அவரை அடித்த அடியில் சிறுநீரகம் பாதித்தது. 1964-இல் மிசிசிப்பியில் வாக்குரிமை வயதிலிருந்த கறுப்பர்களில் பதிவு பெற்றவர்கள் 7 சதவீதம்கூட இல்லை. ஆர்வம் இல்லாமல் இல்லை. 1963-இல் இயக்கம் தானே ஒரு மாதிரித் தேர்தல் நடத்தியபோது சுமார் 80,000 கறுப்பர்கள் வாக்களித்தார்கள்.

(இங்கே ஒரு இடைச்செருகல். 1949 ஜூன் 15 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஏன் ஒரே மையத் தேர்தல் ஆணையம் வேண்டும் என்று வாதாடினார்? மாகாணங்களில் சிலவற்றில், இனத்தாலோ பண்பாட்டாலோ மொழியாலோ தங்களைச் சேராதவர்களை வாக்காளர் பட்டியலில் ஏறவிடாமல் செய்யும் வேலை நடப்பதாகத் தகவல் வந்திருக்கிறது என்றார். பட்டியல் யார் கையில் இருக்கிறதோ அவன் கையில்தான் தேர்தல் என்பதை அவரும் ஹேமரும் ஒரே மாதிரிப் புரிந்துகொண்டார்கள்.)

இனி 1964 ஆகஸ்ட் 4-க்கு வருவோம். அன்று இரண்டு செய்திகள். ஒன்று, மிசிசிப்பியின் பிலடெல்பியா ஊருக்கு அருகே ஒரு மண் அணைக்குள்ளிருந்து மூன்று உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர். வாக்காளர் பதிவு இயக்கத்துக்காக வேலை செய்து, ஜூன் 21 அன்று காணாமல் போனவர்கள். இன்னொன்று, வியட்நாமை ஒட்டிய டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்களை வட வியட்நாம் படகுகள் தாக்கிவிட்டன என்று அன்றிரவு தொலைக்காட்சியில் அதிபர் ஜான்சன் அறிவித்தார். ஆகஸ்ட் 2 அன்று ஒரு மோதல் நடந்தது உண்மை. ஆகஸ்ட் 4 தாக்குதல் நடக்கவே இல்லை. அமெரிக்க உளவு அமைப்பின் சொந்த வரலாற்றாசிரியர் எழுதிய ஆய்வு 2005-இல் வெளியானபோது அதுவும் அதையே சொன்னது.

மூன்று நாளில் தீர்மானம் நிறைவேறியது. அமெரிக்க அரசியல் சட்டத்தின்படி போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு மட்டுமே உண்டு. அந்த அதிகாரத்தை, தேவையான எல்லா நடவடிக்கையும் எடுக்கலாம் என்று மொத்தமாக அதிபரிடம் தூக்கிக் கொடுத்தது டோன்கின் தீர்மானம். பிரதிநிதிகள் சபையில் 40 நிமிட விவாதம். 416-0. செனட்டில் 88-2. எதிர்த்த இருவர் ஓரிகானின் வெய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் க்ரூனிங். தீர்மானம் தரைப்படைப் போருக்கு வழிவிடுமே என்று ஒரு திருத்தம் கொண்டுவரப் பார்த்த கேலார்ட் நெல்சனை, தீர்மானத்தை அவையில் நடத்திச் சென்ற புல்பிரைட் தேவையில்லை என்று சமாதானப்படுத்தி உட்கார வைத்தார்.

இந்த 40 நிமிடத்தைத் தனியாகப் பார்க்கக் கூடாது. அதே ஆண்டு, அதே காங்கிரஸ், கறுப்பர்களுக்கான குடியுரிமைச் சட்டத்தை என்ன செய்தது? தென்மாநில செனட்டர்கள் பேசிப் பேசியே அதை 60 வேலை நாட்கள் முடக்கினார்கள். அந்த முடக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் ஜார்ஜியாவின் ரிச்சர்ட் ரஸல். செனட்டின் ராணுவக் குழுத் தலைவரும் அவர்தான். கறுப்பரை உணவகத்தில் சரிசமமாக உட்காரவைக்க 60 நாள் யோசித்தவர்கள், இன்னொரு நாட்டின் மீது குண்டு போட ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

ரஸலுக்கு அந்தத் தலைமைப் பதவி எப்படி வந்தது? அங்கே குழுத் தலைமை பணிமூப்பால் வருவது. தென்மாநிலங்களில் ஒரே கட்சி; கறுப்பர் வாக்களிக்க முடியாது; எனவே ஒரு முறை வென்றவர் சாகும்வரை தோற்பதில்லை. பணிமூப்பு தானாக ஏறும். ஹேமரின் சன்ஃப்ளவர் மாவட்டத்திலேயே பெரும் பண்ணை வைத்திருந்த ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட், செனட்டின் நீதிக் குழுத் தலைவர். சிவில் உரிமை மசோதா எல்லாம் அவர் மேசைக்குத்தான் போக வேண்டும். மிசிசிப்பியின் இன்னொரு செனட்டர் ஜான் ஸ்டென்னிஸ், 1969-இல் ரஸலுக்குப் பின் ராணுவக் குழுவுக்குத் தலைவரானார். ஆகவே தோழர்களே, தேர்தல் நேர்மை ஒரு தனிப் பிரச்சனை, போர் அதிகாரம் இன்னொரு தனிப் பிரச்சனை என்று பாடப்புத்தகம் பிரித்து வைப்பதை நாம் நம்ப வேண்டியதில்லை. திருடப்பட்ட வாக்கின் மேல் ஏறி உட்கார்ந்தவர்கள்தான் யார் போருக்குப் போவது என்பதையும் முடிவு செய்தார்கள்.

போனவர்கள் யார்? போரின் முதல் ஆண்டுகளில் கறுப்பர்கள் மக்கள்தொகையில் சுமார் 11 சதவீதம். போர்க்களச் சாவுகளில் சுமார் 20 சதவீதம். கட்டாய ராணுவ சேர்ப்புக்கு ஆள் எடுக்கும் உள்ளூர் வாரியங்களில் நாடு முழுக்கக் கறுப்பு உறுப்பினர்கள் 1.3 சதவீதம் என்று அரசே நியமித்த ஆணையம் 1967-இல் கணக்குச் சொன்னது. மிசிசிப்பி வாரியங்களில் ஒருவர்கூட இல்லை.

மூன்று தோழர்களின் நினைவுக் கூட்டம் நடந்தபோது, இயக்கத்தின் அமைப்பாளர் பாப் மோசஸ், டோன்கின் செய்தி வந்த அன்றைய நாளிதழைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். இங்கே கொல்வதும் அங்கே கொல்வதும் ஒரே மனநிலை என்பதுதான் அவர் பேச்சின் சாரம். நாட்டிலேயே முதலில் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இல்லை. மிசிசிப்பியின் கிராமங்களில் உயிரைப் பணயம் வைத்த இளைஞர்கள்.

அதே மாதம் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாடு. வெள்ளையர் மட்டுமே தேர்ந்தெடுத்த மிசிசிப்பி பிரதிநிதிகளை ஏற்காதீர்கள் என்று மிசிசிப்பி விடுதலை ஜனநாயகக் கட்சி முறையிட்டது. ஆகஸ்ட் 22 அன்று ஹேமர் சாட்சி சொன்னார். நேரலையில் நாடே பார்த்துக்கொண்டிருக்க, கேமராக்களைத் திருப்புவதற்காகவே ஜான்சன் திடீரென்று செய்தியாளர் சந்திப்பு வைத்தார். ஆனால் அன்றிரவு எல்லா அலைவரிசைகளும் ஹேமர் பேச்சை மறு ஒளிபரப்பு செய்தன. கடைசியில் கட்சித் தலைமை கொடுக்க முன்வந்தது இரண்டே இரண்டு இடம். ஹேமர் குழு மறுத்துவிட்டது. அடுத்த ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் இதே ஜான்சன்தான் என்பதையும் மறக்கக் கூடாது. சட்டத்தை வாங்கியது அவருடைய நல்லெண்ணம் அல்ல, செல்மாவில் ஓடிய இரத்தம் என்பதையும்.

மாநாட்டில் தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. காங்கிரசின் ஒவ்வொரு அவையும் தன் உறுப்பினர்களின் தேர்தல் செல்லுமா என்று தானே தீர்ப்பளிக்கலாம் என்கிறது அரசியல் சட்டம். அதைப் பிடித்துக்கொண்டார்கள். மிசிசிப்பியின் ஐந்து பிரதிநிதிகளின் தேர்தலே செல்லாது என்று முறையிட்டார்கள். 1965 ஜனவரி 4. காங்கிரஸ் கட்டடத்துச் சுரங்கப்பாதையில் இருமருங்கும் மிசிசிப்பிக் கறுப்பர்கள் வாய் திறக்காமல் வரிசையாக நிற்க, அவர்களைக் கடந்துதான் உறுப்பினர்கள் அவைக்குப் போக வேண்டியிருந்தது. நியூயார்க் உறுப்பினர் வில்லியம் ஃபிட்ஸ் ரயன் ஆட்சேபணை எழுப்ப, ஐந்து பேரும் உறுதிமொழி எடுக்காமல் ஒதுங்கி நின்றார்கள். வாக்கெடுப்பில் 276 பேர் அவர்களை உட்கார வை என்றார்கள். 149 பேர் கூடாது என்றார்கள். உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் அந்த 149-ஐ யாரும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்கள் மிசிசிப்பிக்குப் போய் நூற்றுக்கணக்கான மக்களிடம் வாக்குமூலம் எடுத்தார்கள். ஒரு மக்கள் கூட்டம் தானே அலைந்து, தன்னை விலக்கி வைத்ததற்கான சாட்சியத்தைத் தொகுத்து, நாட்டின் உச்ச அவையின் மேசையில் வைத்தது. எங்களைப் போலக் களப்பணியில் வாக்குமூலம் எழுதி எழுதி விரல் தேய்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். 1965 செப்டம்பர் 17 அன்று ஹேமர், ஆனி டிவைன், விக்டோரியா க்ரே மூவரும் அவைக்குள் உட்கார்ந்திருக்க, 228-143 என்று முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். இனிமேல்தான் வாக்குரிமைச் சட்டம் வந்துவிட்டதே, பழசை எதற்குக் கிளற வேண்டும் என்பதே தள்ளியவர்களின் முக்கிய வாதம். நமக்குப் பழகிய வாதம்.

இதற்கிடையில் ஜூலையில் மிசிசிப்பியின் மெக்கோம் ஊரைச் சேர்ந்த ஒரு கறுப்பு இளைஞர் வியட்நாமில் இறந்தார். ஊரில் ஒரு துண்டறிக்கை வந்தது: மிசிசிப்பியில் நமக்கு விடுதலை வரும்வரை வெள்ளையரின் விடுதலைக்காக நம் பிள்ளைகள் சாக வேண்டாம். கட்சியின் செய்திமடல் அதை மறுபதிப்பு செய்ததும் நாடே கொந்தளித்தது. கட்சித் தலைமை அது தங்கள் அதிகாரபூர்வ நிலைப்பாடு இல்லை என்று விலகிக்கொண்டது. எங்கள் மூத்த தோழர் சொன்னாரே, அதே பயம். அதைக் கோழைத்தனம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வழக்கு அவையில் நிலுவையில் இருக்கிறது, நன்கொடை நின்றுவிடும், சேனியைப் போல இன்னும் எத்தனை பேரைப் புதைக்க வேண்டிவருமோ என்ற கணக்கும் இருந்தது. கணக்கு புரிகிறது. ஆனால் அமைதி காத்ததால் முறையீடு வென்றதா என்றால், இல்லை.

1966 ஜனவரி 3. அலபாமாவின் டஸ்கீகி ஊர். கடற்படையில் பணியாற்றித் திரும்பிய 21 வயது சாமி யங், பெட்ரோல் பங்கில் வெள்ளையருக்கான கழிப்பறையைப் பயன்படுத்தப் போனதற்காகச் சுட்டுக்கொல்லப்பட்டார். நாட்டுக்காகச் சிறுநீரகத்தையே கொடுக்கலாம். சிறுநீர் கழிக்கத்தான் கூடாது! சுட்டவனை முழுக்க வெள்ளையர் அடங்கிய ஜூரி அந்த ஆண்டு டிசம்பரில் விடுதலை செய்தது. சாமி யங் ஸ்னிக் அமைப்பின் தோழர். மூன்று நாள் கழித்து, ஜனவரி 6 அன்று, ஸ்னிக் வியட்நாம் போரை எதிர்த்து அறிக்கை வெளியிட்டது. சொந்த நாட்டில் தேர்தலை நேர்மையாக நடத்தாத அரசு, வியட்நாமில் சுதந்திரத் தேர்தலுக்காகப் போரிடுவதாகச் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டது. கட்டாய சேர்ப்புக்கு மறுப்பவர்கள் பக்கம் தங்கள் அனுதாபம் உண்டு என்றது.

நான்கு நாள் கழித்துத்தான் ஜூலியன் பாண்ட் சட்டமன்றப் படி ஏறினார். 1907-க்குப் பிறகு ஜார்ஜியா பிரதிநிதிகள் அவைக்கு வந்த முதல் கறுப்பர்கள் எட்டுப் பேரில் ஒருவர். அவர் ராணுவ அட்டையை எரிக்கவில்லை. எரிக்கத் துணிந்தவர்களின் துணிச்சலை மதிக்கிறேன் என்று மட்டும் சொன்னார். உறுதிமொழி எடுக்கத் தயார் என்றார். எதிரிக்கு உதவுகிறார், மாநிலத்துக்கு அவமானம் தேடித்தந்துவிட்டார், உறுதிமொழியை மனப்பூர்வமாக எடுக்க முடியாதவர் என்று மனு மேல் மனு. மிசிசிப்பியில் திருட்டுத் தேர்தலில் வந்த ஐந்து பேரை ஒதுங்கி நிற்கச் சொன்ன அவை, சற்று நேரத்தில் உட்கார வைத்தது. ஜார்ஜியாவில் நேர்மையாக வந்த ஒருவரை ஒதுங்கச் சொன்ன அவை, உட்கார விடவே இல்லை.

ஜார்ஜியாவுக்கு இது முதல் முறையும் அல்ல. 1868-இல் அடிமைமுறை ஒழிந்தபின் தேர்ந்தெடுக்கப்பட்ட கறுப்பு உறுப்பினர்களை, வாக்களிக்க உரிமை உண்டு, பதவி வகிக்க இல்லை என்று சொல்லி அதே சட்டமன்றம் வெளியேற்றியது. 'முதல் 33 பேர்' என்று அவர்களை வரலாறு நினைவுகூர்கிறது. ஹென்றி மெக்நீல் டர்னர் அப்போது அவையில் ஆற்றிய உரையை இளம் தோழர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும். கெஞ்சாத உரை.

பாண்ட் நீதிமன்றம் போனார். அவர் தொகுதியின் வாக்காளர் என்ற முறையில் மார்ட்டின் லூதர் கிங்கும் வழக்கில் சேர்ந்தார். பாதிக்கப்பட்டது ஒரு உறுப்பினர் மட்டுமல்ல, அவரை அனுப்பிய மக்களும்தான் என்பது அதில் அடங்கியிருந்தது. கீழ் நீதிமன்றம் 2-1 என்று பாண்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காலியான தொகுதிக்கு இடைத்தேர்தல் வைத்தார்கள். மக்கள் பாண்டையே மறுபடி அனுப்பினார்கள். மறுபடி மறுத்தார்கள். நவம்பரில் மூன்றாம் முறையும் அவரே வென்றார். 1966 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. உறுதிமொழியைச் சாக்காக வைத்து, பெரும்பான்மை ஒரு உறுப்பினரின் மனதைச் சோதித்து மாற்றுக்கருத்தை அடைக்க முடியாது; அரசின் கொள்கை பற்றிப் பேச மக்கள் பிரதிநிதிக்கு மற்றவரைவிடக் குறைந்த சுதந்திரம் இருக்க முடியாது என்றது. இனப் பாகுபாடு பற்றி நீதிமன்றம் எதுவும் முடிவு செய்யவில்லை, பேச்சுரிமையோடு நிறுத்திக்கொண்டது. வெற்றிதான். ஆனால் எதைத் தொடாமல் விட்டது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். போரை எதிர்த்த மோர்ஸும் க்ரூனிங்கும் 1968-இல் பதவி இழந்தார்கள். டோன்கின் தீர்மானத்தை நடத்திச் சென்ற புல்பிரைட் பின்னாளில் வருந்தினார், போருக்கு எதிராக விசாரணைகள் நடத்தினார். இன்றும் போர் எதிர்ப்பின் நாயகனாகக் கொண்டாடப்படுகிறார். 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்தே அவரைப் படிக்க வேண்டும். 1973 நவம்பர் 7 அன்று நிக்சனின் மறுப்பாணையை மீறி போர் அதிகாரத் தீர்மானம் சட்டமானது: படை அனுப்பினால் 48 மணி நேரத்தில் காங்கிரசுக்குச் சொல்ல வேண்டும், ஒப்புதல் இல்லையென்றால் 60 நாளில் நிறுத்த வேண்டும். அதை முன்மொழிந்தவர்களில் ஒருவர் மிசிசிப்பியின் அதே ஸ்டென்னிஸ். 2001 செப்டம்பர் 14 அன்று பயங்கரவாதத்தின் பேரில் மறுபடியும் ஒரு திறந்த அனுமதி: பிரதிநிதிகள் சபையில் 420-1. அந்த ஒற்றை எதிர் வாக்கு ஓக்லண்டின் கறுப்பினப் பெண் உறுப்பினர் பார்பரா லீயுடையது. கொலை மிரட்டல்கள் வந்தன. காவலர் பாதுகாப்போடு நடமாட வேண்டியிருந்தது. மிசிசிப்பியில் கறுப்பர் பதிவை 7 சதவீதத்துக்கும் கீழிருந்து 1967-க்குள் சுமார் 60 சதவீதத்துக்கு உயர்த்திய வாக்குரிமைச் சட்டத்தின் முக்கிய நரம்பை, 2013 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் வெட்டிவிட்டது. தேர்தல் விதிகளை மாற்றும் முன் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டிய மாநிலங்கள் எவை என்று வகுத்த பிரிவு அது.

பாண்ட் 1967 ஜனவரியில் உறுதிமொழி எடுத்தார். இரண்டு அவைகளிலுமாகச் சேர்த்து சுமார் 20 ஆண்டுகள் சட்டமன்றத்தில் இருந்தார். ஆனால் எங்களுக்குப் பிடித்தது அவர் அந்த ஆண்டில் செய்த இன்னொரு வேலை. வியட்நாம் போர் எப்படி வந்தது, கறுப்பருக்கு அதில் என்ன வேலை என்று ஒரு படக்கதைப் புத்தகம் எழுதினார். படங்கள் டி. ஜி. லூயிஸ். பதிவு அலுவலர் படிக்கத் தெரியாதவர் என்று துரத்திய மக்களுக்கும் புரியும்படியான புத்தகம். அதன் பக்கங்களை அச்செடுத்து வைத்திருக்கிறோம். வரும் ஞாயிறு அதைத்தான் வாசிக்கிறோம். மூத்த தோழரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், சண்டை போடத் தயாராக.